கேன்டீனில் கேட்கிறது

"கேன்டீன்ல கேக்குது அத்தான்," என்றான் மச்சான் இன்டர்காமில்.

"என்னடா கேக்குது?"

"எல்லாமே கேக்குது. நீங்க மைக்ல படிச்சது, நடுவுல இருமினது, எனக்கு மூளையே இல்லைன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டது."

என்ஜினியர் சட்டென்று மைக்கைக் கையால் பொத்தினார். மத்தியானம் வாடிக்கையாளர் வருகிறார். டெமோ அறையில் பேசுவது டைரக்டரின் அறையில் மட்டும்தான் கேட்க வேண்டும். கேன்டீனில் கேட்கவே கூடாது.

அவருடைய கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை; அவர் விளக்காமல் இருந்தால் போதும். ஒரே ஒரு ஆன்டெனா இருந்தால் அது நாலு பக்கமும் கத்தும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு பலகையில் நிறைய ஆன்டெனாக்களை அடுக்கி, ஒன்றோடொன்று ஒத்துப் பேசவைத்தால் ஒரே ஒரு காதில் ரகசியம் சொல்ல முடியும். மற்ற திசைகளில் எல்லாம் வேண்டுமென்றே இரைச்சலைக் கொட்டலாம். அந்த இரைச்சல் உரிய காதுக்கு வரும்போது மட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இல்லாமல் போய்விடும். ஒட்டுக்கேட்கிறவனுக்குப் பேச்சு விழாது, சத்தம்தான் விழும்.

உரிய ஆள் வைத்திருக்கும் கருவிக்கு ஆபீசில் 'சொந்தக் காது' என்று பெயர். சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் பெட்டி அது; ஸ்பீக்கரில் செருகினால்தான் சத்தம் வரும். டைரக்டரின் அறையில் ஒன்று இருந்தது. ஒட்டுக்கேட்கிறவன் வேஷத்தில் அங்கங்கே வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு 'ஒட்டுக் காது'. மாடிப்படியில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று, கேன்டீனில் ஒன்று.

"டெமோ நல்லபடியா நடக்கட்டும். உங்களைப் பத்தி ஒரு முடிவு எடுத்திருக்கோம், அன்னைக்குச் சாயங்காலம் சொல்றேன்," என்று டைரக்டர் சொல்லியிருந்தார். புதிதாகத் தொடங்கப்போகும் துறைக்குத் தன்னைத் தலைவராகப் போடப்போகிறார்கள் என்று என்ஜினியர் முடிவுகட்டி, மனசுக்குள் அந்த அறைக்குத் திரைச்சீலைகூடத் தேர்ந்தெடுத்தாயிற்று. வேலைக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர் சொன்னதைக் கேட்டே தலை நரைத்தது. ஒரு தடவையாவது தான் சொல்வதை நாலு பேர் கேட்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான், பாவம்.

அதனால்தான் கேன்டீன் என்ற சொல்லே அன்று அவருக்கு ஆகவில்லை.

காலையிலிருந்தே சகுனம் சரியில்லை. குளித்துவிட்டு வந்தால், மனைவி சமையலறையில் யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் தலையைக் கண்டதும் மிக்ஸியைத் தட்டிவிட்டாள். அது வீடே அதிரச் சுற்றியது.

"யார் போன்ல?" என்று கத்தினார்.

"என்ன?" என்று அவளும் கத்தினாள்.

"போன்ல யாருன்னு கேட்டேன்!"

"தம்பிதாங்க! சும்மா!"

அவர் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். "ஜார்ல ஒண்ணுமே இல்லையே?"

அவள் ஒரு நிமிஷம் ஜாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போட மறந்துட்டேன்," என்றாள். அப்புறம் வழக்கமில்லாத அன்போடு, "இன்னைக்கு எது நடந்தாலும் டென்ஷன் ஆகாதீங்க," என்று சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். இவளுக்கு இப்போதெல்லாம் மறதி அதிகமாகிவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவர் படி இறங்கினார்.

அவர் பொதுவாகவே யாரையும் நம்பாதவர். தொழில் அப்படி. கொஞ்ச நாள் முன்னால் நெஞ்சில் லேசாகப் படபடப்பு என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். மறுநாள் டைரக்டர், "நெஞ்சு இப்போ எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். என்ஜினியருக்கு அப்போதே பொறி தட்டியது. யாரோ தன் போனை ஒட்டுக்கேட்கிறார்கள்! அன்றிலிருந்து அவருடைய போன் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள்தான் கிடக்கிறது. மூடி போட்ட டப்பாவுக்குள் எந்த அலையும் நுழையாது. யாருடைய அழைப்பும் வராது என்பதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

இப்போது கேன்டீன் விஷயத்துக்கு வருவோம்.

"இரைச்சல் போதலை," என்றார் இன்டர்காமில். "கூட்டிவிடுறேன், கேட்டுப் பாரு."

கூட்டினார். "குறையலையே அத்தான்." இன்னும் கூட்டினார். "கொஞ்சம் கரகரங்குது. ஆனா நீங்கதான்னு நல்லாத் தெரியுது." பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கூட்டினார்.

உடனே பலன் தெரிந்தது. ஆபீசின் வைஃபை செத்துப்போனது. அக்கவுன்ட்ஸ்காரர்கள் திரைகளை விட்டுத் தலையைத் தூக்கினார்கள். வரவேற்பறைக் கதவு தானாகத் திறந்து, தானாக மூடி, மறுபடி திறந்தது. இன்டர்காமில் டைரக்டர் வந்தார்.

"யோவ், என் ரூம்ல உங்க பெட்டி என்னமோ எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரியுது. பேச்சே கேக்கலை!"

அதுவும் நியாயம்தான். இருக்கிற சக்தியை எல்லாம் இரைச்சலில் கொட்டிவிட்டால் பேச்சுக்கு என்ன மிஞ்சும்? கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை, கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறது. கண்டுபிடிப்பு நேர்த்தியாகத் தலைகீழாய் வேலை செய்துகொண்டிருந்தது. என்ஜினியர் இரைச்சலைப் பழையபடி குறைத்துவிட்டு, மைக் முன்னால் ஆபீஸ் உதவியாளரை உட்காரவைத்து, நேரில் பார்க்கக் கேன்டீனுக்கு ஓடினார்.

அவர் உள்ளே காலெடுத்து வைத்ததும் கேன்டீன் வெடித்தது. அதுவரை தலைகளைச் சேர்த்துவைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த கூட்டம், பெரிய குரலில் கிரிக்கெட் பேசத் தொடங்கியது. அக்கவுன்ட்ஸ் அம்மாள் காரணமே இல்லாமல் கடகடவென்று சிரித்தார். எச்.ஆர். பெண், "மழை வரும்போல இருக்கே!" என்று எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்துக்கு நேரே கத்தினாள். கேன்டீன்காரர் வெறும் தட்டில் கரண்டியால் டங் டங்கென்று தட்டினார்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவர் தலை தெரிந்தால் போதும், சந்தைக்கடை ஆரம்பித்துவிடும்.

"படிச்சவங்க மாதிரியாடா இருக்காங்க?" என்றார் மச்சானிடம்.

"விடுங்க அத்தான். ஜாலியா இருக்காங்க."

மச்சான் மூலையில் ஒட்டுக் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி, முப்பதைத் தாண்டியவன். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை என்ஜினியர்தான் சிபாரிசு செய்து, கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்து இங்கே கொண்டுவந்தார். பையன் சூட்டிகை. எல்லோரோடும் ஒட்டிக்கொள்வான். அத்தான் திட்டினால் சிரித்துக்கொள்வான்.

அவனுடைய காபிக் கோப்பைக்குப் பின்னால் பச்சையாக ஒரு பொட்டு மினுங்கியது.

"அது என்னடா?"

"எது அத்தான்?"

என்ஜினியர் கோப்பையை நகர்த்தினார். சொந்தக் காது! டைரக்டர் அறையில் இருப்பதன் இரட்டை. அவசரத்துக்கு என்று அவர் செய்துவைத்திருந்த மாற்றுப் பெட்டி.

விஷயம் விளங்கிவிட்டது. சொந்தக் காது எங்கே இருக்கிறது என்று ஆன்டெனாப் பலகைக்குத் தானாகத் தெரியாது. அந்தப் பெட்டிதான் அடிக்கொருதரம் 'நான் இங்கே இருக்கேன்' என்று குரல் கொடுக்கும். குரல் வந்த பக்கம் பலகை திரும்பிப் பேசும். ஒரே குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தால், இரண்டு பக்கமும் பங்கு போட்டுப் பேசும். மூலையில் இந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும், பக்கத்தில் உள்ள ஒட்டுக் காதுக்கும் யோகம்தான்.

"இது இங்க எதுக்குடா வந்தது?"

"சும்மா... ஓட்டிப் பழகலாமேன்னு."

"நீ எதுக்குப் பழகணும்? ஓட்டுறதுக்குத்தான் நான் இருக்கேனே!"

மச்சான் தலையைச் சொறிந்தான். பக்கத்து மேஜையில் கிரிக்கெட் இன்னும் சூடுபிடித்தது. அந்தச் சமயம் பார்த்துக் கேன்டீன்காரர் சுவரிலிருந்த இன்டர்காமை நீட்டினார். "சார், பெரியவர் கூப்பிடுறார்!"

என்ஜினியர் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரிசீவரை வாங்கினார். வைஃபை எப்போது உயிர்பிழைக்கும், கதவுக்குப் பைத்தியம் தெளியுமா என்று டைரக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்தபோது, பெட்டியை அணைக்கவில்லை என்பது அவருக்கு மறந்தேபோனது.

டெமோ அறைக்குத் திரும்பி ஒரு தடவை சோதித்தார். கேன்டீனில் இரைச்சல். மாடிப்படியில் இரைச்சல். வரவேற்பறையில் இரைச்சல். டைரக்டர் அறையில் பேச்சு கொஞ்சம் மங்கல், ஆனால் பழுதில்லை. என்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமும் வீண்போகவில்லை என்று தோன்றியது.

மத்தியானம் வாடிக்கையாளர் வந்தார். ஒரு வங்கியின் பாதுகாப்பு அதிகாரி. வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். கைகுலுக்கும்போதே ஆளை எடைபோடுகிற பார்வை. மச்சான் மைக் முன்னால் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தான். டைரக்டரின் அறையில் அந்தக் குரல் மணிமணியாகக் கேட்டது. காலையைவிடத் தெளிவாகக் கேட்கிறதே என்று டைரக்டர் பாராட்டினார்; என்ஜினியர் தன்னடக்கத்தோடு தலையாட்டினார்.

"இனி ஒட்டுக்கேக்குறவன் பக்கம் போய்ப் பார்க்கலாம் மேடம். வெறும் இரைச்சல்தான் கேக்கும்."

மாடிப்படிக்குப் போனார்கள். தூரத்தில் வரும்போது பெட்டி 'உஸ்ஸ்' என்றது. பக்கத்தில் போகப் போக, 'உஸ்' தேய்ந்து, "...தலைநகரில் தக்காளி வரத்து குறைவு..." என்று மச்சான் கணீரென்று படித்தான்.

"இதுதான் இரைச்சலா?" என்றார் அம்மாள்.

என்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இங்க கொஞ்சம் சுவர் கோளாறு மேடம். வரவேற்பறைக்கு வாங்க."

வரவேற்பறையிலும் இவர்கள் நெருங்கியதும் தக்காளி விலை பேசியது.

"சார், நீங்க மட்டும் மாடிப்படிக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க," என்றார் டைரக்டரிடம். டைரக்டர் முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தார். "வெறும் இரைச்சல்தான்யா. ஒரு எழுத்து புரியலை."

"நீங்க போனா இரைச்சல். நாங்க ரெண்டு பேரும் போனா பேச்சு."

"அப்போ உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டதான் கோளாறு."

என்ஜினியர் நிதானமாக யோசித்தார். இரண்டு பேரில் ஒருவர் தான். தன்னைப் பற்றித் தனக்குச் சந்தேகமில்லை. மிச்சம் இருப்பது அந்த அம்மாள்தான். யாரோ போட்டிக் கம்பெனிக்காரன் இந்த அம்மாள் மூலமாகக் கருவியை உள்ளே அனுப்பியிருக்கிறான்! போனை ஒட்டுக்கேட்டதும் அதே கும்பலாகத்தான் இருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற வேகத்தில் அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க கைப்பையைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா?"

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாள் பையை வரவேற்பறை மேஜைமேல் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடி. இருமல் மிட்டாய். பாதி கடித்த பிஸ்கட். பேரக் குழந்தையுடையதாக இருக்கும், ஒற்றைச் சாக்ஸ் ஒன்று. என்ஜினியர் அந்தச் சாக்ஸைக்கூட விரல் விட்டுப் பார்த்தார்.

"போதுமாங்க?" என்றார் அம்மாள்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க மேடம்," என்றார் டைரக்டர். "நான் போய் இந்தக் கூத்தை நிறுத்தச் சொல்றேன். யோவ், நீங்க மேடத்தைக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்க. வாயைத் திறக்காதீங்க." காலை ஓங்கி ஓங்கி வைத்து டெமோ அறைப் பக்கம் போனார்.

என்ஜினியர் அம்மாளோடு கேன்டீனுக்கு நடந்தார். போச்சு, தலைவர் பதவி போச்சு, திரைச்சீலை போச்சு. காலையில் மனைவி காலரைச் சரிசெய்தது ஞாபகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வது?

உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் சந்தைக்கடை ஆரம்பித்தது. கிரிக்கெட், மழை, கரண்டி, அக்கவுன்ட்ஸ் அம்மாளின் சிரிப்பு எல்லாம் தத்தம் வேலையைத் தொடங்கின.

மூலையிலிருந்த ஒட்டுக் காது 'உஸ்' என்றது. இவர் இரண்டு மேஜை தாண்டியதும் தெளிந்தது. டைரக்டரின் குரல்.

"படிச்சது போதும்ப்பா, மூடு. எல்லாம் நாசம்."

"மைக் ஆன்ல இருக்கு சார்." இது மச்சான்.

"இருந்துட்டுப் போகட்டும். என் ரூம்ல மட்டும்தானே கேக்கும்? அங்க யாரும் இல்லை."

அந்தக் கண்டுபிடிப்பை முழுசாக நம்பிய முதல் மனிதர் அவர்தான். என்ஜினியருக்கு அந்த நேரத்திலும் அது கொஞ்சம் இதமாக இருந்தது.

"இதுக்கு மேல உன் அத்தானை வச்சுக்க முடியாது," என்றது பெட்டி. "முடிவு எடுத்து எத்தனை நாளாச்சு! டெமோ வரைக்கும் இருக்கட்டும்னு நான்தான் இழுத்துப் பிடிச்சேன். டிசைன் முடிஞ்சுபோச்சு, இனி அவர் எதுக்கு? சாயங்காலம் சொல்லி அனுப்பிடலாம். நாளையிலேர்ந்து நீ பார்த்துக்குவேயில்ல?"

"பார்த்துக்குவேன் சார். கேன்டீன்ல வச்சு எல்லாத்தையும் ஓட்டிப் பழகிட்டேன்."

கிரிக்கெட் நின்றது. கரண்டி நின்றது. அக்கவுன்ட்ஸ் அம்மாளின் சிரிப்பு பாதியில் அறுந்தது. இவர் உள்ளே இருக்கும்போது கேன்டீன் அமைதியாக இருந்தது அன்றுதான்.

"குரல் ரொம்பத் தெளிவா இருக்குங்க," என்றார் வங்கி அம்மாள். கேலியாகச் சொல்லவில்லை. என்ஜினியரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பையில ஏதோ பச்சையா எரியுது," என்று மெதுவாகச் சொன்னார்.

என்ஜினியர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். சொந்தக் காது அவருடைய நெஞ்சுக்கு நேரே உட்கார்ந்து, 'நான் இங்கே இருக்கேன், நான் இங்கே இருக்கேன்' என்று இவ்வளவு நேரமும் கூவிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் எங்கே போனாலும் பலகை விசுவாசமாக அவர் பக்கமே திரும்பிப் பேசியிருக்கிறது. அந்த ஆபீசில் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது அது ஒன்றுதான்.

பெட்டியை அணைத்தார். மூலையிலிருந்து 'உஸ்' என்று இரைச்சல் கிளம்பியது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவமானத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. கைபிடித்து வேலை கற்றுக்கொடுத்தவன்! சொந்த மச்சான்! இத்தனை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து அத்தான் அத்தான் என்று சிரித்தவன். இந்த ஜனங்களோடு அவர் ஒரு நாளும் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. ஒட்டுக்கேட்கிற கூட்டம் என்று ஒதுங்கியே இருந்தார். இன்றைக்கு அவர்களிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் இருந்தது.

"கேட்டீங்களா?" என்றார். "நீங்களே கேட்டீங்க இல்ல? ரெண்டு பேருமாச் சேர்ந்து காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட மூச்சு விடலை பாருங்க! உங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டீங்களா?"

யாரும் ஆச்சரியப்படவில்லை. எச்.ஆர். பெண் தன் கோப்பைக்குள் பார்த்தாள். அக்கவுன்ட்ஸ் அம்மாள் முந்தானையால் மேஜையைத் துடைத்தார். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

"என் வீட்டுல இதை எப்படிச் சொல்லுவேன்? அவ தாங்கமாட்டாளே..."

கேன்டீன்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கரண்டியைத் தட்டின்மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சார் காதுல விழுந்துடக் கூடாதுன்னு இத்தனை நாளா நாம கத்தினது போதும்ப்பா, யாராவது அவர் வீட்டுக்கும் ஒரு போன் போட்டு, இனிமே வெறும் ஜார்ல மிக்ஸி ஓட்ட வேண்டாம்னு அந்த அம்மாகிட்டச் சொல்லிடுங்க, மோட்டார் புகையுதுன்னு தம்பிகிட்டப் புலம்பிக்கிட்டே இருந்தாங்களாம்."